போன் ஏன் நம்மைப் பக்கத்துத் தெருவில் நிறுத்துகிறது?

போன வருடம் திருச்சியிலிருந்து கோவைக்குக் குடிவந்தோம். லாரியிலிருந்து கடைசி அட்டைப்பெட்டி இறங்கும்போது இரவு மணி ஒன்பது. அடுப்பை இன்னும் மாட்டவில்லை. சரி, ஓட்டலிலிருந்து ஏதாவது வரவழைக்கலாம் என்று செயலியைத் திறந்தால், 'தில்லைநகர், திருச்சி' என்று பழைய வீட்டைக் காட்டியது. மூடித் திறந்தேன். மறுபடியும் தில்லைநகர். மேப்பைத் திறந்தேன். அங்கும் நீலப் புள்ளி உய்யக்கொண்டான் வாய்க்கால் பக்கம்தான் உட்கார்ந்திருந்தது. இத்தனைக்கும் அன்று மாலை முழுக்க அதே போன்தான் கரூர், காங்கேயம், பல்லடம் என்று ஒரு திருப்பம் தவறாமல் வழி சொல்லி எங்களைக் கூட்டி வந்திருந்தது.

"அதுக்கு இன்னும் ஊரை விட்டு வர மனசில்லை போல" என்றாள் மனைவி.

காரணம் இரண்டு நாள் கழித்துத்தான் பிடிபட்டது. அது அட்டைப்பெட்டிக்குள் எங்களோடுதான் பயணம் செய்திருக்கிறது. அதற்கு அப்புறம் வருகிறேன். முதலில், போன் தன் இடத்தை எப்படிக் கண்டுபிடிக்கிறது என்று பார்த்துவிடலாம்.

போனுக்குள் இடம் பார்த்துச் சொல்ல ஒரே ஒரு கருவிதான் இருக்கிறது என்று பலரும் நினைக்கிறார்கள். அப்படி இல்லை. செயற்கைக்கோள், அக்கம்பக்கத்து வைஃபை, செல்போன் டவர், இணைய முகவரி என்று நாலு பேரிடம் விசாரித்துத்தான் போன் ஒரு முடிவுக்கு வருகிறது. யாரிடம் கேட்டது என்பதைப் பொறுத்துத் தப்பும் மாறும். பக்கத்துத் தெருவைக் காட்டுவது ஒரு வகை, இரண்டு கிலோமீட்டர் தள்ளிக் காட்டுவது வேறு வகை, ஊரையே மாற்றிச் சொல்வது இன்னொரு வகை. எவ்வளவு தூரம் தப்பு என்று பார்த்தாலே, அது யார் சொன்ன தப்பு என்று பெரும்பாலும் ஊகித்துவிடலாம்.

வானத்திலிருந்து வரும் கடிகாரச் செய்தி

நான்கு பேரில் மூத்தவர் ஜிபிஎஸ். நம் போன் செயற்கைக்கோளுக்குச் சிக்னல் அனுப்புகிறது, கோள் நம்மைப் பார்த்து 'நீ இங்கே இருக்கிறாய்' என்று திருப்பிச் சொல்கிறது என்ற எண்ணம் பரவலாக இருக்கிறது. உண்மையில் கோளுக்கு நம்மைத் தெரியவே தெரியாது. அது பாட்டுக்கு 20,200 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றிக்கொண்டு, 'நான் இன்னார், இப்போது இந்த இடத்தில் இருக்கிறேன், என் கடிகாரத்தில் மணி இத்தனை' என்று ஓயாமல் ஒலிபரப்பிக்கொண்டே இருக்கிறது. போன் கேட்பதோடு சரி.

மின்னலைப் பார்த்ததும் ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ணி, இடி கேட்டதும் நிறுத்தி, மூன்று விநாடிக்கு ஒரு கிலோமீட்டர் என்று சின்ன வயதில் கணக்குப் போட்டிருப்போம். போன் செய்வதும் அதே கணக்குதான். கோள் சொன்ன நேரத்துக்கும் தனக்குக் கேட்ட நேரத்துக்கும் எவ்வளவு வித்தியாசம் என்று பார்க்கிறது. நேர் மேலே இருக்கும் கோளின் சிக்னல் கீழே வந்து சேர ஏறக்குறைய 0.067 விநாடி ஆகும். அதை ஒளியின் வேகத்தால் பெருக்கினால் தூரம். ஒரு கோளிலிருந்து தூரம் தெரிந்தால் பெரிய கோளப் பரப்பில் எங்கோ ஓரிடம் என்று தெரியும். இரண்டாவது, மூன்றாவது சேர்ந்ததும் இடம் குறுகிக்கொண்டே வரும்.

மூன்றோடு வேலை முடியவேண்டும்தானே? முடியாது. கோளில் இருப்பது அணுக் கடிகாரம். நம் போனில் இருப்பதோ மலிவான கடிகாரம். ஒளி ஒரு விநாடியின் பத்து லட்சத்தில் ஒரு பங்குக்குள் 300 மீட்டர் ஓடிவிடும். போன் கடிகாரம் அந்த அளவு பிசகினாலே கணக்கு 300 மீட்டர் போய்விடும். அதனால் நான்காவது கோள் ஒன்றை வைத்து, தன் கடிகாரம் எவ்வளவு பிசகியிருக்கிறது என்பதையும் போன் சேர்த்தே கண்டுபிடித்துக்கொள்கிறது. நேரம் இங்கே அவ்வளவு முக்கியம். உயரத்திலும் வேகத்திலும் கடிகாரம் வேறு மாதிரி ஓடும் என்று ஐன்ஸ்டீன் சொன்னாரே, அதன்படி கோளில் இருக்கும் கடிகாரம் ஒரு நாளைக்கு 38 மைக்ரோ விநாடி முந்திவிடும். அதை முன்கூட்டியே திருத்தி வைக்காவிட்டால் ஒரே நாளில் 10 கிலோமீட்டருக்கு மேல் தப்பு சேர்ந்துவிடும்.

இத்தனை நுணுக்கத்துக்குப் பிறகும், திறந்த வானத்தின் கீழ் ஒரு சாதாரண போன் சுமார் 5 மீட்டர் வரைதான் சரியாகச் சொல்லும். அமெரிக்க அரசின் ஜிபிஎஸ் தளமே இந்த அளவைத்தான் சொல்கிறது. நம்மூர் இருபதடித் தெருவின் அகலமே ஆறு மீட்டர்தான். அதாவது எல்லாம் ஒழுங்காக நடக்கும் நாளிலேயே, எதிர் வரிசை வீட்டில் நம்மை நிறுத்துவதற்குப் போனுக்கு உரிமை உண்டு.

எல்லாம் ஒழுங்காக நடப்பதும் அபூர்வம். அவ்வளவு உயரத்திலிருந்து வரும் சிக்னல் தரைக்கு வரும்போது மிகவும் மெலிந்துபோயிருக்கும். கான்கிரீட் தளத்தைத் தாண்ட அதற்குத் தெம்பில்லை, தகரக் கூரையை அறவே தாண்டாது. கோவைக்கு வந்த புதிதில், கோள்களின் பட்டியலைக் காட்டும் ஒரு இலவசச் செயலியைப் போட்டுக்கொண்டு மொட்டைமாடிக்குப் போனேன். 38 கோள்கள் பட்டியலில் வந்தன. அமெரிக்காவின் ஜிபிஎஸ் மட்டுமில்லை, ரஷ்யாவின் குளோனாஸ், ஐரோப்பாவின் கலிலியோ, சீனாவின் பெய்டோ, நம் நாவிக் எல்லாம் கலந்து. ஒவ்வொன்றுக்கும் நேரே பச்சைக் கோடு துள்ளிக்கொண்டிருந்தது. போனைப் பிடித்தபடியே படியிறங்கினேன். மாடிப்படி வளைவில் கோடுகள் பாதியாகக் குறைந்தன. சமையலறைக்கு வந்து ஃபிரிட்ஜ் பக்கத்தில் நின்றபோது 7 மிச்சம், அதுவும் சிவப்பில். ஜன்னல் ஓரம் போனதும் ஒரு பக்கத்துக் கோள்கள் மட்டும் உயிர்பெற்றன. இதை ஒரு தடவை செய்து பார்த்தவர்கள், வீட்டுக்குள் உட்கார்ந்துகொண்டு 'ஜிபிஎஸ் சரியில்லை' என்று திட்டமாட்டார்கள்.

சிக்னல் அடியோடு கிடைக்காமல் போவதைவிட மோசமானது, திரும்பி வந்த சிக்னல் கிடைப்பது. தி.நகர் ரங்கநாதன் தெரு மாதிரி இடத்தில் தலைக்கு மேல் தெரிவதே ஒரு கீற்று வானம். சாய்வாக இருக்கும் கோளின் நேர்ச் சிக்னலைக் கட்டடம் மறைத்துவிடும். அதே சிக்னல் எதிர்க் கட்டடக் கண்ணாடியில் பட்டுத் தெறித்து, சுற்றிக்கொண்டு போனுக்கு வரும். எதிரொலியை நேர்க்குரல் என்று நம்பினால் என்ன ஆகும்? கூடுதலாக வந்த தூரமும் கணக்கில் ஏறும். போன் நம்மை இருபது, முப்பது, சில சமயம் ஐம்பது மீட்டர் தள்ளி நிறுத்தும். பக்கத்துத் தெருவில் வண்டி போய் நிற்கும் கதைகளில் கணிசமானவை இந்த எதிரொலியால் வருபவை.

நம் பக்கத்துக்கென்றே ஒரு தொல்லை கூடுதலாக உண்டு. பூமியின் காந்த நடுக்கோடு இந்தியாவின் தென்முனையை ஒட்டிப் போகிறது. 1963-இல் தும்பாவில் ராக்கெட் ஏவுதளம் அமைத்ததும் அதனால்தான். திருநெல்வேலியில் புவிகாந்த ஆய்வுக்கூடம் இருப்பதற்கும் அதே காரணம். இந்தக் கோட்டை ஒட்டிய பகுதிகளில் மேல் வானத்து மின்னேற்றப் படலமான அயனி மண்டலம் பகலில் அடர்ந்துவிடும். அதைக் கடக்கும் சிக்னல் தாமதமாகும். தாமதமானால் தூரம் கூடியதாகக் கணக்கு வரும். பொழுது சாய்ந்த பிறகு, குறிப்பாக மார்ச், ஏப்ரல், செப்டம்பர், அக்டோபர் மாதங்களில், அந்தப் படலத்தில் குமிழிகள் கிளம்பி சிக்னல் மினுக்மினுக்கென்று ஆடும். இந்த வானம் ஐரோப்பிய வானம் மாதிரி அடங்கி இருக்காது என்பதால்தான், விமானங்களுக்குத் திருத்தம் சொல்லும் ககன் அமைப்பை இஸ்ரோவும் விமான நிலைய ஆணையமும் நம் நிலநடுக்கோட்டு வானத்துக்கென்றே தனிக் கணக்கோடு செய்யவேண்டி வந்தது.

இதற்கு வைத்தியம் இல்லாமல் இல்லை. ஒரே கோளிலிருந்து இரண்டு வேறு அலைவரிசைகளைக் கேட்டால், இரண்டும் வெவ்வேறு அளவு தாமதமாகும். அந்த வித்தியாசத்தை வைத்து உண்மைத் தாமதத்தைக் கழித்துவிடலாம். 2018-இல் வந்த ஷாவ்மி மி 8 தான் இப்படி இரண்டு அலைவரிசை கேட்ட முதல் போன். இப்போது பல போன்களில் இருக்கிறது, விலை குறைந்தவற்றில் பெரும்பாலும் இல்லை. ஒரே இடத்தில் நிற்கும் இரண்டு நண்பர்களின் போன்கள் இரண்டு இடம் காட்டுவதற்கு இதுவும் ஒரு காரணம்.

அட்டைப்பெட்டிக்குள் வந்த தில்லைநகர்

செயற்கைக்கோளுக்கு இன்னொரு குறை: அவசரம் தெரியாதவர். எந்த நேரத்தில் எங்கே இருப்பேன் என்ற விவரத்தைக் கோள் விநாடிக்கு 50 பிட் வேகத்தில்தான் சொல்லும். ஒரு கோளின் விவரத்தை முழுதாகக் கேட்டு முடிக்கவே அரை நிமிடம் ஆகும். எல்லாக் கோள்களைப் பற்றிய பொது அட்டவணையும் வேண்டும் என்றால் பன்னிரண்டரை நிமிடம். இணையம் இருக்கும்போது போன் இந்த விவரங்களை டேட்டா வழியாக ஒரே மூச்சில் இறக்கிக்கொள்கிறது. மலைப்பாதையில் டவர் போன பிறகு போனை அணைத்துப் போட்டுப் பாருங்கள், புள்ளி வர எவ்வளவு நேரமாகிறது என்று தெரியும்.

ஆனால் பசியோடு செயலியைத் திறப்பவர் அரை நிமிடம் காத்திருப்பாரா? அதனால் போன் சீக்கிரம் பதில் சொல்கிற ஆளிடம் போகிறது. வைஃபை.

ஒவ்வொரு ரவுட்டரும் தன் பெயரையும், உலகத்தில் வேறெந்த ரவுட்டருக்கும் இல்லாத ஒரு எண்ணையும் சதா காற்றில் சொல்லிக்கொண்டே இருக்கும். அதைக் கேட்க பாஸ்வேர்டு தேவையில்லை, இணையவும் தேவையில்லை. வெளியில் ஜிபிஎஸ் நன்றாகக் கிடைக்கிற போன் ஒன்று தெருவில் போகும்போது, 'இந்த இடத்தில் இன்னின்ன ரவுட்டர்களின் எண்கள் கேட்டன' என்ற தகவல் அதிலிருந்து கூகுளுக்கோ ஆப்பிளுக்கோ போய்ச் சேர்கிறது. இப்படிக் கோடிக்கணக்கான போன்கள் சொல்லிச் சொல்லி, எந்த ரவுட்டர் எங்கே இருக்கிறது என்று ஒரு மாபெரும் பதிவேடு உண்டாகிவிட்டது. அப்புறம், வீட்டுக்குள் ஜிபிஎஸ் கிடைக்காத போன் தன் காதில் விழும் எண்களை அனுப்பிக் கேட்டால், 'நீ இந்தத் தெருவில் இருக்கிறாய்' என்று பதில் வந்துவிடும். நகரத்துக்குள் இருபது முப்பது மீட்டருக்குள் சொல்லிவிடும். மால்களுக்குள் புள்ளி ஓரளவு சரியாக நிற்பது இதன் தயவில்தான்.

இப்போது அந்த இரவுக்கு வருவோம். நாங்கள் சாமான் இறக்கிக்கொண்டிருக்கும்போதே மகன் முதல் வேலையாக ரவுட்டரையும், மாடிக்கு வைஃபை எட்டுவதற்காக வைத்திருந்த எக்ஸ்டெண்டரையும் தேடி எடுத்துச் செருகிவிட்டான். கம்பி இணைப்பு வரவே நாலு நாள் ஆகும், ஆனால் அவனுக்கு விளக்கு எரிவதைப் பார்த்தால் ஒரு நிம்மதி. இணையம் இல்லாவிட்டாலும் கரண்ட் இருந்தால் போதும், அந்த இரண்டு பெட்டிகளும் தங்கள் எண்களைக் கூவ ஆரம்பித்துவிடும். பதிவேட்டில் இரண்டுக்கும் எழுதியிருந்த முகவரி தில்லைநகர். நாங்கள் வந்தது புதிதாகப் போட்ட லேஅவுட். சுற்றிலும் மூன்று வீடுகள், அதில் இரண்டு பூட்டிக் கிடந்தன. மறுத்துச் சொல்ல வேறு ரவுட்டர் இல்லை. கான்கிரீட்டுக்கு அடியில் ஜிபிஎஸ்ஸும் இல்லை. இரண்டு சாட்சிகள் ஒரே குரலில் 'திருச்சி' என்றால் பாவம், போன் என்ன செய்யும்? இரண்டாம் நாள் நான் இரண்டின் சுவிட்சையும் அணைத்துவிட்டு மேப்பைத் திறந்தபோது, புள்ளி ஒரே தாவலில் கோவைக்கு வந்தது.

வாடகை வீடு மாறுபவர்கள், கடையை இடம் மாற்றுபவர்கள் இதை எதிர்பார்க்கலாம். ரயிலில் யாரோ எடுத்துவரும் டாங்கிள், ஆம்னி பஸ்ஸில் மாட்டியிருக்கும் வைஃபை எல்லாம் இதே குழப்பத்தைச் செய்யக்கூடியவை. நகர்ந்துகொண்டே இருக்கும் எண்களைப் பதிவேட்டிலிருந்து ஒதுக்கிவைக்க நிறுவனங்கள் முயல்கின்றன, ஆனால் எல்லாம் வடிகட்டப்படுவதில்லை.

வைஃபையும் இல்லாத இடத்தில் போன் டவரைப் பிடித்துத் தொங்கிக்கொள்கிறது. எந்த டவரோடு பேசிக்கொண்டிருக்கிறோம் என்பது போனுக்குத் தெரியும், டவர் இருக்கும் இடமும் தெரியும். ஆகவே 'டவரைச் சுற்றி எங்கோ' என்று சொல்லலாம். நெருக்கமாக டவர் நட்ட நகரத்தில் அது சில நூறு மீட்டர். வயல்வெளியில் சில கிலோமீட்டர். பழைய 2ஜி முறையில் ஒரு டவர் 35 கிலோமீட்டர் வரைகூட எட்டும். கடலோரத்தில், குறுக்கே மறைப்பு எதுவும் இல்லாததால், அக்கரை டவர் வந்து ஒட்டிக்கொள்வதும் உண்டு. இரண்டு கிலோமீட்டர் தள்ளி அடுத்த கிராமத்தைக் காட்டினால், போன் டவரை மட்டும் நம்பிக்கொண்டிருக்கிறது என்று வைத்துக்கொள்ளலாம்.

நீல வட்டம்

மேப்பில் புள்ளியைச் சுற்றி வெளிர் நீலத்தில் ஒரு வட்டம் தெரியும், பார்த்திருப்பீர்கள். நான் பல வருடம் அதை அழகுக்குப் போட்டது என்றே நினைத்திருந்தேன். அதுதான் போனின் ஒப்புதல் வாக்குமூலம். 'நீ இந்த வட்டத்துக்குள் எங்கோ இருக்கிறாய் என்று நினைக்கிறேன், நடுவில் இருக்கும் புள்ளி ஒரு பேச்சுக்கு' என்று அர்த்தம். ஜிபிஎஸ் நன்றாகக் கிடைத்தால் வட்டம் புள்ளிக்குள்ளேயே ஒடுங்கிவிடும். டவரை மட்டும் நம்பினால் ஊரளவுக்கு விரியும்.

இன்னும் ஒரு விஷயம் உண்டு. ஆண்ட்ராய்டு இந்த வட்டத்தின் அளவைச் செயலிகளுக்குக் கொடுக்கும்போது, 68 சதவீத நம்பிக்கைக்குத்தான் அதைக் கொடுக்கிறது. அதாவது மூன்றில் ஒரு தடவை நாம் அந்த வட்டத்துக்கே வெளியே இருப்போம் என்று போனுக்கே தெரியும். மறைக்காமல்தான் சொல்கிறது. அதைக் கேட்டுக்கொள்ளும் செயலிகள்தான் மறைத்துவிடுகின்றன. வண்டி பிடிக்கும் செயலியிலும் சாப்பாட்டுச் செயலியிலும் வட்டம் போய், கூர்மையான முனையோடு ஒரு பின் வந்து நிற்கும். 'சுமார் இந்தப் பக்கம்' என்பது 'மிகச் சரியாக இந்தக் கதவு' என்று ஆகிவிடும். இடத்தைத் தப்பாகக் கண்டுபிடித்ததைவிட, இந்தச் சந்தேகத்தைத் துடைத்துப் போட்டதுதான் பெரிய தப்பு என்பது என் கட்சி.

போன மாதம் ஒரு மருத்துவமனையின் அடித்தள கார் நிறுத்தத்திலிருந்து மேலே ஏறி வந்தபடியே ஆட்டோ பதிவு செய்தேன். ஓட்டுநர் கூப்பிட்டார்.

"சார், லொக்கேஷன்லதான் நிக்கிறனுங்க. நீங்க எங்க இருக்கீங்க?"

"மெயின் கேட்ல, அண்ணா."

"இங்க கேட்டே இல்லீங்களே சார். ஒரு டயர் கடைதான் இருக்குது."

டயர் கடை நான் பத்து நிமிடம் முன்பு கடந்து வந்த இடம். அடித்தளத்தில் போனுக்கு எதுவுமே கேட்கவில்லை. செயலி கேட்டதும், கடைசியாகத் தெரிந்த இடத்தை எடுத்து நீட்டிவிட்டது. பேட்டரியை மிச்சப்படுத்த, போன் ஒவ்வொரு தடவையும் புதிதாகக் கணக்குப் போடுவதில்லை. சற்று முன் போட்ட கணக்கு கையில் இருந்தால் அதையே கொடுக்கும். இதற்குச் சிகிச்சை ரொம்ப எளிது: வெளியே வந்து, செயலியைத் திறந்து வைத்துக்கொண்டு, புள்ளி அசைந்து நிலைக்கும்வரை பத்துப் பதினைந்து விநாடி பொறுத்து, அப்புறம் பதிவு செய்வது.

மேலே, கீழே என்ற குழப்பம் தனி. கோள்கள் எல்லாம் நம் தலைக்கு மேல்தான் இருக்கின்றன, காலுக்கு அடியில் பூமி மறைக்கிறது. கிழக்கு மேற்கில் இரண்டு பக்கமும் சாட்சி உண்டு. உயரத்துக்கு ஒரு பக்கச் சாட்சி மட்டும். அதனால் உயரக் கணக்கு எப்போதும் இன்னும் மோசமாகத்தான் இருக்கும். அதோடு, வழிகாட்டும் செயலி புள்ளியைப் பக்கத்தில் இருக்கும் ஏதாவது ஒரு சாலைமேல் ஒட்டிவைக்கப் பார்க்கும். அவிநாசி சாலையில் மேம்பாலத்தின் மேலே போகிறோமா, அடியில் போகிறோமா என்று அதற்கு நிச்சயமில்லை. நாம் பாலத்தின் மேல் போகும்போது 'இடதுபுறம் திரும்புங்கள்' என்று சொல்வது இதனால்தான். திசை காட்டும் அம்பு பின்னோக்கித் திரும்பி நின்றால் கோளைக் குறை சொல்ல வேண்டாம். அது போனுக்குள் இருக்கும் காந்த உணரியின் வேலை. காந்தப் பூட்டு வைத்த உறை, காரில் காந்தத் தாங்கி, இரண்டுமே அதைக் குழப்பும்.

வீட்டுக்கு நடுவே வந்து விழுந்த அமெரிக்கா

ஊரையே மாற்றிச் சொல்லும் தப்புகளுக்குப் பின்னால் பெரும்பாலும் ஐபி முகவரி, அதாவது நாலாவது ஆளான இணைய முகவரி, இருக்கும். லொக்கேஷன் அனுமதி கொடுக்காத இணையதளம், ஜிபிஎஸ் இல்லாத லேப்டாப், டிவி பெட்டி எல்லாம் இதை வைத்துத்தான் ஊகிக்கின்றன. மொபைல் டேட்டாவில் நம் இணையப் போக்குவரத்து, நிறுவனத்தின் ஏதோ ஒரு பெருநகர மையம் வழியாகத்தான் வெளியே போகும். சிவகங்கையில் உட்கார்ந்திருப்பவருக்குச் சென்னை விளம்பரமோ மும்பை வானிலையோ வருவது அதனால். இணையப் போக்குவரத்தை வேறொரு ஊர்க் கணினி வழியாகச் சுற்றிவிடும் விபிஎன் போட்டிருந்தால் நாடே மாறும்.

இந்த ஊகம் எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு அமெரிக்காவின் கான்சாஸ் மாநிலத்தில் நடந்ததுதான் நல்ல உதாரணம். ஐபி முகவரிக்கு இடம் சொல்லும் மேக்ஸ்மைண்ட் என்ற நிறுவனம், ஒரு முகவரி அமெரிக்காவில் இருக்கிறது என்று மட்டும் தெரிந்து, எந்த ஊர் என்று தெரியாதபோது நாட்டின் நடுப்பகுதியில் ஒரு புள்ளியைக் கொடுத்தது. நாட்டின் உண்மையான மையத்தின் எண்கள் நீளமாக இருக்கின்றன என்று அதைச் சுருக்கி, வடக்கு 38, மேற்கு 97 என்று முழு எண்ணாக வைத்துக்கொண்டார்கள். அந்தப் புள்ளி ஒரு பண்ணை வீட்டு வாசலில் விழுந்தது. அறுபது கோடிக்கும் மேற்பட்ட ஐபி முகவரிகள் அந்த வீட்டைக் காட்டின. திருடுபோன கணக்கு, காணாமல் போன பிள்ளை, மோசடி மின்னஞ்சல் என்று எதைத் தேடி வந்தவர்களும், போலீஸ் உட்பட, வருடக்கணக்கில் அந்தக் கதவைத் தட்டினார்கள். வீட்டில் இருந்தவர்களுக்குக் காரணமே புரியவில்லை. 2016-இல் ஒரு பத்திரிகையாளர் தோண்டி எடுத்து எழுதிய பிறகுதான் நிறுவனம் அந்தப் புள்ளியை நகர்த்தியது. இந்தத் தடவை ஒரு நீர்த்தேக்கத்தின் நடுவில் வைத்தார்கள். இங்கேயும் கதை அதேதான். 'தெரியவில்லை' என்று எழுதவேண்டிய இடத்தில் ஒரு புள்ளியை எழுதினார்கள்.

வேண்டுமென்றே கெடுப்பவர்களும் உண்டு. 2000 மே மாதம் வரை அமெரிக்க ராணுவமே பொதுமக்களுக்குப் போகும் ஜிபிஎஸ் சிக்னலில் பிழை கலந்து, 100 மீட்டர் வரை தப்பாக வரும்படி வைத்திருந்தது. 2017 ஜூனில் கருங்கடலில் இருந்த கப்பல்கள் சில, தாங்கள் ஒரு விமான நிலையத்தில் நிற்பதாகக் காட்டின. 2024-இல் இஸ்ரேலில் பலருடைய போன்கள் அவர்களைப் பெய்ரூட் விமான நிலையத்தில் நிறுத்தின. பொய்யான கோள் சிக்னலை யாரோ பலமாக ஒலிபரப்பினால், அசல் சிக்னல் அதற்கு முன்னால் நிற்காது. நம் ஊரில் இதன் குட்டி வடிவம், ஆபீசுக்குப் போகாமலே வருகைப் பதிவு போட உதவும் பொய் லொக்கேஷன் செயலிகள். அப்படி ஒன்றைப் போட்டுவிட்டு அணைக்க மறந்தவரின் போன் எங்கே போனாலும் ஒரே இடத்தைத்தான் காட்டும்.

கடைசியாக, புள்ளி சரியாக இருந்து பெயர் மட்டும் தப்பாக வரும் வகை. போன் கண்டுபிடிப்பது இரண்டு எண்களை மட்டுமே. மதுரை மீனாட்சி அம்மன் கோயில் என்றால் 9.9195, 78.1193. அதற்கு ஊர்ப்பெயர் வைப்பது வேறொரு பட்டியலின் வேலை. இரண்டு ஊராட்சிகளின் எல்லையில் வீடு இருந்தால், பட்டியல் பக்கத்து ஊரின் பெயரை எடுத்துக் கொடுக்கும். தேடும்போதும் இதே கூத்துதான். சென்னை, மதுரை, திருச்சி மூன்றிலும் அண்ணா நகர் இருக்கிறது. காந்தி நகர் இல்லாத ஊரைக் காட்டுங்கள். புதூர் என்று தட்டினால் வந்து நிற்பவற்றைக் கேட்கவே வேண்டாம். அவசரத்தில் முதலில் வந்ததைத் தொட்டுவிட்டு, போன் தப்பாகக் காட்டுகிறது என்கிறோம்.

என்ன செய்யலாம்

முதலில் அனுமதியைப் பாருங்கள். ஐபோனில் 2020 முதலும், ஆண்ட்ராய்டில் 2021 முதலும், ஒரு செயலிக்குத் 'துல்லியமான இடம்' கொடுப்பதா, 'தோராயமான இடம்' கொடுப்பதா என்று நம்மையே கேட்கிறது. தெரியாமல் தோராயத்தைத் தொட்டிருந்தால், எவ்வளவு நல்ல போனாக இருந்தாலும் அந்தச் செயலிக்குக் கிலோமீட்டர் கணக்கில்தான் இடம் போகும். வானிலைச் செயலிக்கு அது போதும், ஆட்டோவுக்குப் போதாது. மற்றச் செயலிகளில் சரியாக இருந்து ஒன்றில் மட்டும் தப்பாக வந்தால் முதல் சந்தேகம் இதன்மேல்தான் போகவேண்டும். அடுத்தது பேட்டரி சேமிப்பு. அது ஓடும்போது ஜிபிஎஸ்ஸைத் தூங்கப் போட்டுவிடும் போன்கள் உண்டு.

வைஃபையை அணைத்துவிட்டால் துல்லியம் கூடும் என்று சிலர் சொல்கிறார்கள். வீடு மாறிய இரவு மாதிரி விதிவிலக்கைத் தவிர, நேர்மாறு. கட்டடத்துக்குள் அதுதான் உங்களுக்கு இருக்கும் ஒரே நல்ல சாட்சி. அம்பு தப்பாக இருந்தால் போனைக் கையில் பிடித்து காற்றில் எட்டுப் போடுங்கள். பார்ப்பவர்கள் சிரிப்பார்கள், ஆனால் வேலை செய்யும். ஒரு இடத்தை யாருக்காவது அனுப்பும்போது, தானாக விழுந்த பின்னை அப்படியே அனுப்பாமல், மேப்பைப் பெரிதாக்கி உங்கள் வாசலுக்கு நகர்த்தி வைத்து அனுப்புங்கள். எண்களாகவே அனுப்பினால் தசமத்துக்குப் பின் ஐந்து இலக்கம் போதும், அதுவே ஏறக்குறைய ஒரு மீட்டர். 108-க்குக் கூப்பிடும்போது மட்டும் எந்தப் புள்ளியையும் நம்பிக்கொண்டிருக்காமல், 'தண்ணீர்த் தொட்டிக்கு எதிர்ச் சந்து, பச்சை கேட்' என்று வாயால் சொல்லிவிடுங்கள்.

எங்கள் ரவுட்டரும் எக்ஸ்டெண்டரும் கோவைக்காரர்களாக மூன்று வாரம் ஆனது. எதிரே இரண்டு வீடுகளில் ஆள் வந்தார்கள், கொரியர் பையன்கள் வந்து போனார்கள், அவர்கள் போன்கள் எல்லாம் சொல்லிச் சொல்லிப் பதிவேடு மாறியிருக்க வேண்டும். அப்புறம் பார்த்தால் எக்ஸ்டெண்டர் இந்த வீட்டுக்குத் தேவைப்படவில்லை. திருச்சியில் இருக்கும் தங்கை கேட்டாள், கொடுத்துவிட்டேன். அடுத்த வாரம் அவளுக்குப் போன் செய்து, "உன் போன் உன்னை எந்த ஊர்ல காட்டுது?" என்றேன். அடுக்குமாடி வீடு, சுற்றிலும் பதினைந்து ரவுட்டர்கள். ஒற்றை எக்ஸ்டெண்டர் 'கோவை' என்று கூவியதை அங்கே யாரும் சட்டை செய்யவில்லை.

"திருச்சிலதாண்ணா காட்டுது. வேற எங்க காட்டும்?" என்றாள்.